என் வேலையெல்லாம் ஏலம் போன ஞாயிற்றுக்கிழமை

சேவல் கதையை எப்போது எழுதப் போகிறீர்கள் என்று என் மனைவி ஞானப்பூ மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பத்திரிகை வந்ததும் நான் உரக்கப் படிக்க வேண்டும். தன்னைப் பற்றி வராத வாரங்களில் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்த வாரம் போக மாட்டாள்.

தலைகீழாக ஒரு சர்க்கார் சேவல்

சர்க்காருக்குச் சொந்தமான வெள்ளைச் சேவல் ஒன்று, எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் வாசலில், உபதேசியாரின் வலது கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு தரம்!" என்றார் உபதேசியார். சேவல் ஒரு தரம் சிறகடித்தது.

நான் அப்போதுதான் சங்கரன்கோவிலிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியிருந்தேன். கையில் புத்தம்புது அட்டைகள் ஐந்து. முதல் அட்டையில் கொட்டை எழுத்தில் நானே எழுதியிருந்தேன்: 'மாதிரிச் சேவல். வெள்ளை லெகார்ன் இனம்.' மை இன்னும் முழுக்கக் காயவில்லை. வியர்வை பட்டு 'ன்' மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது.

"ரெண்டு தரம்!"

மறுநாள் காலை ஜில்லாவின் பெரிய ஆபீஸர் ஜீப்பில் வந்து அந்தச் சேவலைப் பார்வையிடுவதாக ஏற்பாடு. சேவலை மட்டுமல்ல. ஓலைப் பந்தலின் கீழே, பூசணிக்காய்க்கும் முருங்கைக் கட்டுக்கும் நடுவில், நான் ஏழு மாதமாக ஊர் ஊராக அலைந்து உண்டாக்கியவை எல்லாம் வரிசையாக இருந்தன. புகையில்லா அடுப்பு, குழாயோடு இருந்தது. ஜப்பான் முறையில் விளைந்த நெற்கதிர்க் கட்டு இருந்தது. முதியோர் பள்ளிச் சிலேட்டு ஒன்று இருந்தது. ஒரு கூடை கம்போஸ்ட் எரு இருந்தது. எருவுக்கு அரளிப்பூ மாலை போட்டிருந்தது.

பெண்கள் பக்கத்தில் ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் அப்படி மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்த்ததில்லை.

"மூணு தரம்!"

ஏழு வேலை, இரண்டு கை

மூன்று நான்கு வருஷம் இருக்கும். நான் அப்போது கிராம சேவக். சங்கரன்கோவில் பிளாக் ஆபீஸின் கீழ், பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வேலை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சேவலின் வம்சத்தைத் தேடி யாராவது விசாரணைக்குப் போய்விடுவார்கள்.

கிராம சேவக் என்றால் ஒரு வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பி.டி.ஓ., அதாவது எங்கள் பிளாக் அதிகாரி, ஒரு தாளை நீட்டினார். அதில் ஏழு வேலை இருந்தது. கம்போஸ்ட் குழி, புகையில்லா அடுப்பு, சீமைக்கோழி, ஜப்பான் முறை நெல், முதியோர் பள்ளி, மரக்கன்று, குழிக் கக்கூஸ்.

"எதை முதல்ல செய்யட்டும் சார்?"

"எல்லாத்தையும் முதல்ல செய்யணும்" என்றார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். விளையாட்டுப் பேச்சே கிடையாது.

சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஏழு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள். இருப்பதோ இரண்டு கை. இரண்டைப் பிடித்தால் ஐந்து காணாமல் போகும். கம்போஸ்ட் குழிக்கு ஆள் சேர்க்க இளையரசனேந்தலுக்குப் போனால் இங்கே மரக்கன்றை ஆடு மேய்ந்துவிடும். ஆட்டை விரட்டிவிட்டு வந்தால் அங்கே அடுப்புக் குழாயில் பல்லி முட்டையிட்டிருக்கும்.

சர்க்கார் கொடுத்த டைரியில் ஏழு கட்டம் போட்டுக்கொண்டேன். படித்தவன் அல்லவா? ஒரு மாதத்தில் கட்டம் கட்டத்தோடு கலந்துவிட்டது. ஒரு வாரம், கம்போஸ்ட் குழி இருபத்தோரு நாள் அடைகாத்தது என்று எழுதி அனுப்பினேன். ஆபீஸில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் அசையவில்லை. சுடலையாண்டி அண்ணாச்சி என்று ஒரு சம்சாரி, எங்கள் ஊரில் சொல்லுக்குப் பெயர் போனவர். கம்போஸ்ட் பற்றி நான் கூட்டம் போட்டுப் பேசி முடித்ததும் எழுந்தார்.

"குப்பையைக் குழி வெட்டிப் போட்டு, தண்ணி தெளிச்சு, மண்ணை மூடி, மூணு மாசம் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். ஏலே, எங்க அப்பனுக்கே நான் பதினாறு நாளுதாம்ல பாத்தேன்!"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அவருடைய மச்சினர் வேலுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் ஒரு வரப்பு விஷயமாக ஆகாது. சுடலையாண்டி சிரித்தால் வேலுச்சாமி சிரிக்க மாட்டார். அவ்வளவுதான். அதையே ஆதரவு என்று டைரியில் எழுதினேன்.

'தற்காலிகம்' என்ற சொல்

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வம்சத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர். மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் என்னைக் கொண்டு விட்டபோது, படிப்பு என்பது எவ்வளவு நாளில் பழுக்கும் என்று வாத்தியாரிடம் கேட்டாராம்.

என் வேலை உத்தரவை அவர்தான் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். சங்கரன்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது அதைத்தான் எடுத்து நீட்டினார். கண்டக்டரும் நல்ல மனுஷன். பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். நடுவில் ஒரு சொல்லில் நின்றார்.

"தற்காலிகம்னு போட்டிருக்கே பெரியவரே."

"அப்படின்னா?"

"வேலை நல்லா நடந்தா நெலைக்கும். இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக."

அன்று முதல் அப்பா என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை. "அந்தச் சொல்லை எடுத்துட்டாகளாலே?" என்றுதான் கேட்பார்.

எடுப்பதற்கு ஒரே வழி அந்தத் திங்கட்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். ஏழில் குறைந்தது ஐந்தாவது முடிந்து, மாதிரி நிலையத்தில் வரிசையாக இருக்க வேண்டும் என்று பி.டி.ஓ. கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாதிரி நிலையம் என்பது எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகை. பெயரட்டை அழகாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக என்னை ஆபீஸுக்கு வரவழைத்து எழுதச் சொன்னார். அதனால்தான் அன்று அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு நான் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏழு புளியங்கொட்டை

எனக்கு டைரி இருந்ததுபோல் ஞானப்பூவுக்குப் புளியங்கொட்டை இருந்தது.

கல்யாணமான புதிதில், வேலை ஓடாமல் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம், "என்னென்ன வேலைன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, நான் ஜெபத்துல வைக்கணும்" என்றாள். ஏழையும் சொன்னேன். ஏழு புளியங்கொட்டையை எடுத்து வரிசையாக வைத்தாள். தினமும் விளக்கேற்றியதும் ஒரு கொட்டையைக் கையில் எடுப்பாள். அதற்கு மட்டும் ஜெபிப்பாள். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

"ஆண்டவரே, இது கோழி. நேத்து ராத்திரி மரநாய் வந்துட்டுப் போயிருக்கு. நீர் பாத்திருப்பீரு. இது அடுப்பு. குழாயில ஓட்டை. அவுகளுக்கு அடைக்கத் தெரியல. ஒரு நல்ல கொத்தனைக் காட்டும்."

மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பதுபோல இருக்கும். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. படித்தவன் வீட்டு ஜெபம் இப்படியா இருப்பது? ஆகவே முடிவு ஜெபத்தை நான் எடுத்துக்கொண்டேன். என் ஜெபம் இலக்கணமாக இருக்கும். விடுதியில் கற்ற அருஞ்சொற்கள் எல்லாம் வரும். ஒருநாள் உணர்ச்சி மேலிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இப்படி முடித்தேன்:

"கர்த்தாவே, அடியேனின் இவ்வேழு முயற்சிகளின் முதற்பலன்கள் அனைத்தும் உமது சந்நிதானத்திற்கே உரியவை!"

"ஆமென்" என்றாள் ஞானப்பூ.

நான் எழுந்து சாப்பிடப் போனேன். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்து வேதக்காரர் வீடுகளில் முதற்பலன் என்பது அலங்காரச் சொல் அல்ல. பெட்டைக்கோழி இட்ட முதல் முட்டை, கொடியில் காய்த்த முதல் சுரைக்காய், முதல் படி எள், எல்லாம் அறுப்பின் பண்டிகையன்று கோயிலுக்கு வந்துவிடும். பீடத்தின் முன் வைத்து ஜெபித்து, ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் போடுவார்கள். ஊரில் எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் ஏலத்துக்கு வருவார்கள். காசில் கேட்பதில்லை. அவரவர் நிலத்துக் கம்பு, இத்தனை மரக்கால் என்று கேட்பது. அறுவடைக்குப் பின் கொண்டுவந்து அளந்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் அப்படியே கொண்டுபோய்விட்டால் கொஞ்சம் கௌரவக் குறைவு. "திரும்பவும் ஆண்டவருக்கே" என்று கொடுத்துவிட்டால் அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை ஒன்பது தடவை ஏலம் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவது ஆள் கையில் அது உடைந்தபோதுதான் நின்றது.

திரும்பவும் ஆண்டவருக்கே

இப்போது பந்தலுக்கு வருவோம். மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. சேவலை எடுத்தவர் வேலுச்சாமி.

முதலில் உபதேசியாரின் காதருகே போய், "ஐயா, இதெல்லாம் சர்க்கார் சாமான்" என்றேன்.

"உலகமே அவருதுதான் தம்பி" என்றார் அவர். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் கோயிலை நடத்துகிறவர் இவர். தொண்டை கட்டியிருந்தாலும் உற்சாகம் குறையவில்லை. "பீடத்துல வச்சு ஜெபம் பண்ணியாச்சு. இனி எடுக்கப்படாது."

சத்தம் போட்டுச் சொல்லலாம்தான். சொன்னால், சர்க்கார் சாமானை எடுத்துவந்தவள் யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அங்கே, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

சரி, நானே ஏலத்தில் எடுத்துவிடுவது என்று அடுத்து வந்த அடுப்புக்குக் குரல் கொடுத்தேன். "ரெண்டு மரக்கால் கம்பு!"

சுடலையாண்டி அண்ணாச்சிதான் கேட்டார். "கம்பு எங்கன விளையுது தம்பி? உமக்கு ஏது நிலம்?"

நியாயமான கேள்வி. எங்கள் வம்சத்துக்கு அறுப்பு உண்டு, நிலம் கிடையாது. உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி வழியாக வேலுச்சாமியிடம் போனேன். "அண்ணாச்சி, அந்தச் சேவலைத் திருப்பித் தரணும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "வாஸ்தவம்தான். ஒத்தத் தடவை கேட்டுட்டு வீட்டுக்குக் கொண்டுபோறது மரியாதை இல்ல" என்று எழுந்து, "திரும்பவும் ஆண்டவருக்கே!" என்று சேவலை உபதேசியார் கையில் கொடுத்தார்.

"பாத்தியளா, தம்பி ஜெபமணியோட வைராக்கியத்தை!" என்று உபதேசியார் என்னைக் காட்டிச் சொன்னார். "ஒரு தரம்!"

அடுத்து எடுத்தவரிடம் போனேன். அவரும் திருப்பிக் கொடுத்தார், ஆண்டவருக்கு. அதற்கடுத்தவரும் அப்படியே. நான் ஒவ்வொருவராகக் கெஞ்சக் கெஞ்ச ஏலம் சூடு பிடித்தது. நாலாவது சுற்றில் சேவல் மறுபடி வேலுச்சாமியிடமே வந்து சேர்ந்து, அங்கேயே தங்கியது. அதற்குள் அதற்குத் தலைகீழ் பழகிவிட்டது. நேராக நிறுத்தினால் தள்ளாடியது.

பிறகு சிலேட்டு. அதில் கோணல் மாணலாக 'சுடலையாண்டி' என்று இருந்தது. முதியோர் பள்ளியில் அவர் எழுதிய முதல் பெயர். கேலி பேசினாலும் பள்ளிக்கு அவர் ஒருவர்தான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார்.

"அஞ்சு மரக்கால்!" என்றார் வேலுச்சாமி.

"வே! எம் பேரு உமக்கு எதுக்கு?"

"எங்க வீட்டுத் தொழுவத்துல தொங்கவிடத்தான். மாடு நக்கட்டும்."

"ஏழு!"

"எட்டு!"

"பதினொண்ணுவே! எம் பேரை எவனும் கொண்டுபோக முடியாது!"

சுடலையாண்டி தன் பெயரைத் தானே ஏலத்தில் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பவும் ஆண்டவருக்கே என்று சொல்லவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தச் சூட்டில் அடுத்து வந்த எருக்கூடைக்கு அவர் போட்டி போட, வேலுச்சாமி விடாமல் ஏற்றி, எரு வேலுச்சாமிக்குப் போயிற்று. ஏழு மாதமாக நான் இலவசமாகத் தருகிறேன் என்று கெஞ்சியும் வாங்காத எரு. மாலையோடு தலையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுப்பை ஊரார் சேர்ந்து எடுத்து உபதேசியார் வீட்டுக்கே கொடுத்தார்கள். நெற்கதிர்க் கட்டைக் கோயில் முகப்பில் கட்டினார்கள்.

மிச்சம் இரண்டு

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையைத் திறந்து பார்த்தேன். உள்ளே குழிக் கக்கூஸின் பீடக்கல் ஒன்று மட்டும் இருந்தது.

"அதையும் கொண்டுபோயிருக்கலாமே ஏட்டி" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

"நெனச்சேன். சாமி முன்னால அது மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்னமும் தப்பாப் போச்சா? முதற்பலன் எல்லாம் அவருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

சொன்னேன். இலக்கணமாகச் சொன்னேன்.

நாளைக்கு ஆபீஸர் வருவது, அந்தச் சொல் எடுபடாமல் போவது, அப்பாவிடம் நான் என்ன சொல்வது, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. அவள் விளக்கை ஏற்றி, கொட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"ஆண்டவரே, இது கோழி. வேலுச்சாமி அண்ணன் வீட்டுல சொகமா இருக்கு. ஸ்தோத்திரம்." கொட்டையை டப்பாவில் போட்டாள். "இது அடுப்பு. உபதேசியாரம்மா கண்ணெரிச்சல் இல்லாமக் கஞ்சி காய்ச்சுதாக. ஸ்தோத்திரம்." அதையும் டப்பாவில் போட்டாள்.

ஐந்து கொட்டை டப்பாவுக்குள் விழுந்த சத்தத்தை நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தரையில் இரண்டு மிஞ்சின.

"எதுக்கு அழுதிய? அஞ்சு முடிஞ்சிட்டு. மரமும் கக்கூஸும்தான் பாக்கி."

"சாமான் எதுவும் கொட்டகையில இல்லையே ஏட்டி! வெறும் அட்டையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"அட்டை உங்க கையிலதான இருக்கு? சாமான் இருக்க இடத்துல கொண்டு கட்டுங்க."

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஆறுதலாக எழுத வேண்டும் என்று சில வாசகர்கள் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆறுதல் இதுதான். நான் முடியாத கணக்காகப் பார்த்த ஐந்தையும் அவள் முடிந்த கணக்காகப் பார்த்தாள். ஆண்டவர் யார் பக்கம் நின்று பார்த்தார் என்று மறுநாள் தெரிந்தது.

சாமிக்கு எதுக்கய்யா கம்போஸ்ட்?

ஜீப் வந்தது. பெரிய ஆபீஸர் கொட்டகைக்குள் நுழைந்தார். பீடக்கல்லைப் பார்த்தார். பி.டி.ஓ.வைப் பார்த்தார். பி.டி.ஓ. என்னைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் எங்கேய்யா?"

"சாமிக்குக் கொடுத்தாச்சு சார்."

"எல்லாத்தையுமா?"

"இதைத் தவிர சார்."

பெரிய ஆபீஸர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாமிக்கு எதுக்கய்யா கம்போஸ்ட்?"

ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவர் வெளியே வந்து, "நட" என்றார்.

உபதேசியார் வீட்டு வாசலில் 'புகையில்லா அடுப்பு' அட்டை தொங்கியது. உள்ளே உளுந்தங்கஞ்சி கொதித்தது. ஆபீஸர் குனிந்து பார்த்து, கண்ணைக் கசக்கப் போய், கசக்க அவசியமில்லை என்று தெரிந்து கையை எடுத்தார். கோயில் முகப்பில் ஜப்பான் முறை நெல்லைக் குருவிகள் பரிசோதித்துக்கொண்டிருந்தன. வேலுச்சாமி வீட்டுக் கூரை முகட்டில் சேவல் நின்றது. அட்டை அதன் காலில்.

"எரு எங்கே?" என்றார் ஆபீஸர்.

"மிளகாய்த் தோட்டத்துல போட்டாச்சு. சும்மாவா? கம்பு அளக்கணும்லா!" என்றார் வேலுச்சாமி. "இது காணாதுன்னு நானே ஒரு குழி வெட்டிக்கிட்டு இருக்கேன்."

உண்மைதான். இடுப்பளவு குழி. எட்டிப் பார்த்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் சுடலையாண்டி இன்னொரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தளவு.

"இவருதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டவரா?" என்று கேட்டு, ஆபீஸர் நோட்டையும் பேனாவையும் குழிக்குள் நீட்டினார். "உம்ம பேரை எழுதும், பாப்போம்."

சுடலையாண்டி வாங்கவில்லை. "வீட்டு நெலையில மாட்டியிருக்கேன், போய்ப் பாத்துக்கிடுங்க சார். பதினொரு மரக்கால் குடுத்து எடுத்த பேரு. கேட்டவுகளுக்கெல்லாம் சும்மா எழுதிக் குடுத்தா மதிப்பு என்ன ஆகுதது?"

ஆபீஸர் நோட்டை மூடினார். நேரே போய் ஜீப்பில் ஏறினார்.

ஒரே உறையில் இரண்டு தாள்

ஒரு மாதம் கழித்து உறை வந்தது. அப்பாவும் வந்திருந்தார். மூவரும் உட்கார்ந்தோம். நான் பிரித்தேன்.

முதல் தாள், மாதிரி நிலையத்திலிருந்து சர்க்கார் சேவல் ஒன்று குறைவது குறித்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டது.

"குறையலன்னு எழுதுங்க" என்றாள் ஞானப்பூ. "நாலு வீட்டுல வெள்ளைக் குஞ்சு திரியுது."

இரண்டாவது தாளை வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.

"அந்தச் சொல் இருக்காலே?" என்றார் அப்பா.

"இல்லப்பா. எடுத்துட்டாக."

அவர் தாளை வாங்கி, அந்தச் சொல் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மடியில் கட்டிக்கொண்டார். சங்கரன்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்தக் கண்டக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

"வேற என்ன எழுதியிருக்கு?" என்றாள் ஞானப்பூ.

"ஒரே நேரத்துல பல வேலைகளைத் திறமையாப் பாக்கேனாம். அதனால இன்னும் நாலு வேலை. தேனீ வளர்ப்பு, ராட்டை, குளத்து மீன், பால் மாடு."

அவள் எழுந்து போய் நாலு புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அன்று முடிவு ஜெபத்தைச் சுருக்கமாக வைத்துக்கொண்டேன். அருஞ்சொல் ஒன்றுகூட இல்லை. முதற்பலன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மிகக் கவனமாக ஆமென் வரை வந்து சேர்ந்து கண்ணைத் திறந்தேன்.

ஞானப்பூ இன்னும் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன ஏட்டி?"

"முதல் தேனைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டுட்டியளே" என்றாள். "பரவாயில்ல. நான் சொல்லிட்டேன்."